உண்டு, உண்டு

சோணைமுத்து தாது வருசப் பஞ்சத்தில் பிறந்தவன். சுந்தரபாண்டியத்தில் அந்த வருசம் பிறந்த பிள்ளைகளில் தங்கியது அவன் ஒருவன்தான் என்பார்கள். கஞ்சித்தொட்டி வரிசையில் அவன் போட்ட கூச்சலைக் காது பொறுக்காமல், ஊற்றுகிறவன் ஓர் அகப்பை கூடுதலாக ஊற்றினானாம். அதனால்தான் அவன் பிழைத்தானாம். "வாயுள்ள பிள்ளை பிழைச்சுக்கிட்டான்" என்று அவன் தாய் மாரியாத்தாள் போகிற வருகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். மற்றப் பிள்ளைகளும் வாயைத் திறந்துதானே அழுதிருக்கும், அதுகள் ஏன் பிழைக்கவில்லை என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. சோணைமுத்துவுக்கு அதைக் கேட்கத் தோன்றியபோது அவள் போய்ச் சேர்ந்திருந்தாள்.

சின்ன வயதில் அவனை ராஜபாளையத்தில் தெலுங்கு பேசும் ஒரு வீட்டில் மாடு மேய்க்க விட்டிருந்தார்கள். வசவு வாங்கி வாங்கியே அந்தப் பாஷை அவனுக்குப் பழகிவிட்டது. மீசை அரும்பியதும் இருளப்பசாமி மேஸ்திரியின் கிணறு வெட்டும் கூட்டத்தில் சேர்ந்தான். மண்வெட்டி பிடிக்கத்தான் போனான். ஆனால் அவன் குரலைக் கேட்ட மேஸ்திரி, "நீ மேல நில்லுடே, கத்துறதுக்கு ஆள் வேணும்" என்று கிணற்று விளிம்பில் நிறுத்திவிட்டார்.

அந்த வேலை கேட்பதற்கு லேசு. கிணறு பாறைக்குள் இறங்கிய பிறகு மண்வெட்டி செல்லாது. கீழே ஒருவன் உளியால் பாறையில் தமர் அடிப்பான். அந்தத் துளையில் கரிமருந்தைக் கெட்டித்துத் திரி வைப்பான். மற்றவர்கள் எல்லாரும் மேலேறிய பிறகு அவன் ஒருவன் மட்டும் திரியைப் பற்றவைத்து, வடத்தில் கட்டிய பலகையில் உட்காருவான். வடத்தின் மறுமுனை மாடுகளின் நுகத்தடியில். மாடுகள் சரிவில் இறங்கினால் பலகை மேலே வரும். பற்றவைத்தவனுக்குச் சரிவில் நிற்கும் மாட்டுக்காரன் தெரியமாட்டான். மாட்டுக்காரனுக்குக் கிணற்றின் அடி தெரியாது. இரண்டுக்கும் நடுவில் நின்று கீழே கேட்டு, பதில் வாங்கி, கையை வீசி "ஓட்டு" என்று சொல்வதுதான் சோணைமுத்துவின் வேலை. மருந்துப் புகையில் விளிம்பில் நிற்பவனுக்கும் அடி தெரியாது. காது ஒன்றுதான் கண்.

எல்லாக் கூட்டத்துக்கும் ஒரு விலக்கு உண்டு. மேஸ்திரியின் கூட்டத்தில் கிணற்று மேட்டில் நின்று 'இல்லை' என்ற சொல்லை எடுக்கக்கூடாது. ஊறி வருகிற ஊற்று அதைக் கேட்டால் வந்த வழியே திரும்பிவிடுமாம். தவறிச் சொன்னவன் அன்று பொழுது சாயும்வரை கண்மாயிலிருந்து எல்லாருக்கும் குடிதண்ணீர் சுமக்க வேண்டும். மழை பொய்த்த வருசங்களில் கண்மாய் சுருங்கிச் சுருங்கித் தூரத்துக்குப் போய்விடும். ஆகவே தண்டனை சின்னதல்ல.

சோணைமுத்து வந்த பிறகு அந்த விலக்கு விளையாட்டாகிவிட்டது. எதிராளியின் வாயிலிருந்து 'இல்லை'யைப் பிடுங்குவதற்கென்றே அவன் கேள்விகள் செய்வான்.

"ஏலே வேலு, உம் பொண்டாட்டி உன்னைய வெளக்குமாத்தால சாத்துறதை நிப்பாட்டிட்டாளா?"

மாட்டுக்காரன் வேல்சாமி கொஞ்சம் மந்தம். நிறுத்திவிட்டாள் என்றால் நேற்றுவரை அடித்தாள் என்று ஆகும். அவன் முழிப்பான். கல் சுமக்கும் பெண்கள் கூடையை இறக்கிவிட்டு நின்று பார்ப்பார்கள்.

"சொல்லுடே. நிப்பாட்டிட்டாளா, இன்னும் உண்டா?"

"அப்படியெல்லாம் இல்லவே இல்ல!"

"போச்சு! குடத்தை எடு."

இன்னொரு வகை, 'அப்போ' போட்டுக்கொண்டே போவது. "காலையில என்ன குடிச்சே? கம்பங்கூழா? அப்போ கம்பு தின்னுருக்கே. கம்மங்காட்டுக்குள்ள பூந்து திங்கிறது எது? மாடு. அப்போ நீ யாரு?" வேல்சாமி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எங்கியோ வழுக்குதுடே, எங்கேன்னுதான் தெரியலை" என்பான். சோணைமுத்து எங்கே வழுக்குகிறது என்று சொல்லிக்கொடுக்க மாட்டான். சொல்லிக்கொடுத்தால் நாளைக்கு யாரைப் பிடிப்பது?

மேஸ்திரியையே ஒருமுறை பிடித்துவிட்டான். முதல் கொத்துப் போடும்போது உடும்பு குறுக்கே ஓடினால் அந்தக் கிணற்றில் தண்ணீர் நிச்சயம் என்பது மேஸ்திரியின் கணக்கு. உடும்பு ஓடித் தண்ணீர் வந்த கிணறுகளை ஊர் பேரோடு சொல்வார்.

"சரி மாமா, உடும்பு ஓடியும் தண்ணி வராத கெணறு எம்புட்டு?" என்றான் சோணைமுத்து.

"அதெல்லாம் கெணறே இல்லடா, வெறும் குழி" என்றார் மேஸ்திரி வீராப்பாக.

கூட்டமே ஒன்றாகக் குடத்தைத் திரும்பிப் பார்த்தது. அவருக்கே புரிந்தபோது வாய்விட்டுச் சிரித்தார். நரைத்த மீசையோடு அன்று குடம் தூக்கினார். அதற்குப் பிறகு சோணைமுத்துவின் சொல்லுக்குக் கூட்டத்தில் ஒரு மவுசு வந்துவிட்டது. யார் எதைச் சொன்னாலும், சரியாயிருக்கிறதா என்று அவன் முகத்தைப் பார்க்கிற பழக்கமும் வந்தது.

அவனிடம் சிக்காத ஒரே ஆள் குருவய்யா. தமர் அடிப்பதிலும் திரி வைப்பதிலும் அவனுக்கு மிஞ்சி ஆள் கிடையாது. ராஜபாளையத்துக்கு வடக்கே கல் உடைக்கிற தெலுங்குக் குடியிருப்பிலிருந்து வந்தவன். அவன் பெண்டாட்டி கங்கம்மாவும் கல் சுமந்தாள். அவளுக்குத் தமிழ் அரைகுறை. சோணைமுத்துவின் பெண்டாட்டி பரிபூரணத்துக்கும் அவளுக்கும் பாஷை இல்லாமலே நல்ல ஒட்டுதல் இருந்தது. ஒருத்தி வெற்றிலையை நீட்டினால் மற்றவள் பாக்கை எடுப்பாள்.

எதைக் கேட்டாலும் குருவய்யா 'உண்டு' என்றே பதில் சொல்வான்.

"குருவய்யா, உனக்கு மூளை உண்டா?"

"உண்டு."

"உண்டுன்னா காட்டு பாப்போம். காட்ட முடியலைன்னா அந்த விலக்குச் சொல்லைச் சொல்லு."

குருவய்யா உளியைத் துடைத்துக்கொண்டே சிரிப்பான். "உண்டு சாமி, உண்டு. எங்க பாஷையில உண்டுன்னா பொறுன்னு அர்த்தம். பொறு, பொறவு காட்டுறேன்."

சோணைமுத்துவும் சிரித்துவிடுவான். அவன் மாடு மேய்த்த வீட்டில், கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து 'உண்டு, உண்டு' என்றுதான் குரல் வரும். இரு, வருகிறேன் என்று பொருள். ஒரே சொல். தமிழன் காதில் விழுந்தால் ஆமாம், இருக்கிறது. தெலுங்கன் வாயிலிருந்து விழுந்தால் நில், பொறு. கூட்டத்தில் இதன் இரண்டு பக்கமும் தெரிந்தவர்கள் அவர்கள் இருவர்தான். மற்றவர்களுக்கு, குருவய்யா ஏதோ கோமாளித்தனமாகச் சமாளிக்கிறான் என்பதோடு சரி.

அந்த விளையாட்டு முற்றிப்போய் வேலைக்குள்ளும் வந்தது. பலகையில் உட்கார்ந்தவனைப் பார்த்து விளிம்பிலிருப்பவன் "ஏறியாச்சா" என்று கேட்பதும் கீழிருப்பவன் "ஆச்சு" என்பதும்தான் முறை. சோணைமுத்து அதை மாற்றி, "பலகையில ஆள் உண்டா?" என்று ராகம் போட்டுக் கேட்கத் தொடங்கினான். கீழேயிருந்து குருவய்யாவும் அதே ராகத்தில் "உண்டு" என்பான். பெண்கள் சிரிப்பார்கள். மேஸ்திரி ஒரு தடவை, "முறைப்படி கேளுடே" என்றார். பிறகு அவரும் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

அப்போது வெட்டிக்கொண்டிருந்தது காதர் ராவுத்தரின் தோட்டத்துக் கிணறு. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் சுந்தரபாண்டியத்துக்கும் நடுவே, மேற்கே மலை தெரிகிற செவல் காடு. பருத்தி வியாபாரத்தில் சம்பாதித்ததையெல்லாம் ராவுத்தர் அந்தப் பாறைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். கோபப்படத் தெரியாத மனுஷர். மத்தியானம் குடையோடு வந்து விளிம்பில் நின்று எட்டிப் பார்ப்பார். "ஈரமாவது தெரியுதா முத்து?" என்பார். "பாறை வேர்க்குது மொதலாளி" என்பான் அவன். விலக்குக்குக் கட்டுப்பட்ட பதில்.

அன்று காலையும் அவர் கேட்டார், அவனும் அதையேதான் சொன்னான். வெயில் ஏறியதும் குருவய்யா மருந்து கெட்டித்தான். மற்றவர்கள் மேலே வந்தார்கள். கங்கம்மா கல் குவியலின் மேல், கஞ்சி கொண்டுவந்திருந்த பரிபூரணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தலைச்சும்மாட்டை உதறிக்கொண்டிருந்தாள். கீழே திரி பற்றியதன் வாடை வந்தது. புகை மேலே எழும்பிற்று.

சோணைமுத்து குனிந்தான். "பலகையில ஆள் உண்டா?"

"உண்டு!"

கை இறங்கிவிட்டது. வேல்சாமி மாடுகளை அதட்டினான்.

"உண்டு! உண்டு!"

இரண்டாவதும் மூன்றாவதும் ராகம் போட்டு வரவில்லை. உயர்ந்து, கிழிந்து வந்தது. கல் குவியலில் கங்கம்மா எழுந்து நின்றுவிட்டாள். சோணைமுத்துவின் காது அதைக் கேட்டது. விளங்கிக்கொள்ள அதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அதற்குள் மாடுகள் சரிவில் பாதி இறங்கிவிட்டன. பாரம் இருந்தால் தம் கட்டி நடக்கிற மாடுகள் அன்று ஓடின. வேல்சாமி பின்னால் இழுபட்டு ஓடினான். உருளை கிறீச்சிட்டது. வெறும் பலகை புகைக்குள்ளிருந்து துள்ளி வந்து உருளையில் மோதி ஆடியது.

"மாட்டைத் திருப்பு! பலகையை எறக்கு!"

ஓடுகிற மாட்டை நிறுத்தி, பின்னால் நடத்தி மேட்டில் ஏற்றுவது நினைத்தவுடன் ஆகிற காரியமா? கீழே ஒரு இருமல் கேட்டது. பிறகு பாறையில் எதையோ தேய்க்கிற சத்தம். திரியைக் காலால் அணைக்கப் பார்த்தானோ என்னவோ. பிறகு கிணறு ஒரு முறை அதிர்ந்தது. பக்கத்து வேப்பமரத்து இலைகளில் கல் சில்லுகள் மழைபோலப் படபடத்தன.

குருவய்யா ஏன் ஏறவில்லை, வடம் சிக்கியதா, கால் வழுக்கியதா என்பது கடைசிவரை தெரியாமலே போயிற்று. மேலே கொண்டுவந்ததைப் பார்த்து அதைச் சொல்ல வழியில்லை.

கிராம முன்சீப் வருவதற்குள் மேஸ்திரி சோணைமுத்துவைத் தனியே கூப்பிட்டார்.

"என்ன கேட்டே, அவன் என்ன சொன்னான்?"

"உண்டுன்னான் மாமா."

"அம்புட்டுத்தானே? அதைச் சொல்லு. அதுக்கு மேல ஒரு எழுத்து வேணாம். வேணாமுன்னு கத்தியும் பலகையை இழுத்தான்னு ஆச்சுன்னா உன்னைய ஸ்ரீவில்லிபுத்தூர் கச்சேரிக்குக் கொண்டுபோயிருவான். கூட்டமும் கலைஞ்சு போகும். எத்தனை குடும்பம்டே."

சோணைமுத்து வேப்பமரத்தடியைப் பார்த்தான். பரிபூரணம் கங்கம்மாவைத் தோளோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு நிறைமாதம். முதல் இரண்டும் தங்காத வயிறு.

முன்சீப் ஆற்றுப்பக்கத்து ஊர்க்காரர். அவருக்குத் தமிழும் கச்சேரித் தமிழும்தான் தெரியும். ராவுத்தர் வீட்டுக் கட்டிலைக் கொண்டுவந்து போட்டார்கள். பஞ்சாயத்தார் ஐந்து பேர் பக்கத்தில் நின்றார்கள். முதலில் கங்கம்மாவைக் கூப்பிட்டார்.

"உம் புருசன் உள்ள இருந்து பேசுனதை நீ கேட்டியா?"

"கேட்டேன் தொரா."

"என்ன சொன்னான்?"

அவள் அதுவரை அழவில்லை. இப்போதும் அழவில்லை. "உண்டு, உண்டுன்னாரு. மறுபடி மறுபடி சொன்னாரு. கத்திக் கத்திச் சொன்னாரு தொரா, உண்டுன்னு."

முன்சீப் பஞ்சாயத்தாரைப் பார்த்தார். பஞ்சாயத்தார் தலையை ஆட்டினார்கள். தன் புருஷன் பொறு, பொறு என்று கதறியதை ஊர் அறியச் சொல்லிவிட்டதாக அவள் நினைத்தாள். ஆயத்தம், ஆயத்தம் என்று அவன் மூன்று முறை சொன்னதாக அவர்கள் கேட்டார்கள்.

"இந்தம்மா பேச்சு எனக்குச் சரியா பிடிபடலை" என்றார் முன்சீப். நல்ல மனுஷர்தான். ஒரு சந்தேகமும் வைக்கக்கூடாதென்று நினைத்தார். "இங்க தெலுங்கு தெரிஞ்சவன் நீதானாம்லே. இவ சொல்லுறது என்ன?"

வாழ்நாளெல்லாம் சோணைமுத்து மற்றவர்களுக்கு வைத்த கண்ணி எதுவும் இவ்வளவு நேர்த்தியாக அமைந்ததில்லை. பொய் சொல்ல வேண்டியதே இல்லை.

"அவிய வீட்டுக்காரரு உண்டுன்னு சொன்னாருன்னு சொல்லுதாவ அய்யா."

"நீ கேட்டதும் அதேதானா?"

"உண்டு அய்யா" என்றான். ஆமாம் என்று சொல்லவே நினைத்தான். வாய் பழகியதைச் சொல்லிவிட்டது.

கங்கம்மா அவனைப் பார்த்து, தன் சொல்லை மாற்றாமல் எடுத்துச் சொன்னானே என்ற நன்றியோடு தலையசைத்தாள்.

மறுநாளிலிருந்து கிணற்று மேட்டில் வேலை நடந்தது. வயிறு யாருக்காகவும் காத்திருக்காது. கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோது வேல்சாமி பேச ஆரம்பித்தான். அவன் ராத்திரியெல்லாம் யோசித்திருக்கிறான் என்பது முகத்தில் தெரிந்தது.

"உண்டுன்னு சொன்னான். அப்போ பலகை கையில இருந்துருக்கு. பலகை இருந்தும் ஏறலை. அப்போ ஏற மனசில்ல. திரி பத்தவச்சுட்டு ஏற மனசில்லைன்னா அப்போ சாவணும்னு நெனச்சுருக்கான். நல்லா இருக்கிறவன் ஏன் சாவணும்னு நெனைக்கான்? அப்போ வீட்டுல என்னமோ இருக்கு."

முதல்முறையாக அவனாகவே ஓர் 'அப்போ' சங்கிலி கோத்திருந்தான். வழுக்குகிற இடம் எதுவும் அவனுக்குத் தெரியவில்லை. பெருமையோடு சோணைமுத்துவைப் பார்த்தான். "சரியா இருக்காடே?"

எல்லாரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். சோணைமுத்துவுக்கு முதல் கண்ணியே அறுந்து தொங்குவது தெரிந்தது. அதைத் தொட்டால் மற்றதெல்லாம் சரசரவென்று உதிர்ந்துவிடும். கஞ்சிக் கலயத்தை வாயில் வைத்துக்கொண்டான். அவன் மறுக்காததால் சரியென்று ஆயிற்று. வேல்சாமி இரண்டு தரம் 'இல்லை' சொல்லியிருந்தான். யாரும் அவனைக் குடம் தூக்கச் சொல்லவில்லை.

சங்கிலி கிணற்று மேட்டிலிருந்து ஊருக்குள் போயிற்று. வீட்டில் என்னமோ என்பது, வீட்டில் சண்டை என்று ஆனது. சண்டை என்றால் காரணம் வேண்டுமே. கங்கம்மா வெற்றிலை போடுகிறவள், அதனால் அழகு பார்க்கிறவள், அதனால் இன்னது என்று ஆனது. அவள் தண்ணீர் எடுக்கப் போனால் மற்றப் பெண்கள் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள். "தானா தேடிக்கிட்ட சாவு" என்று சொல்லி, குருவய்யாவைப் புதைத்த இடத்துப் பக்கம் போவதையும் நிறுத்தினார்கள். பரிபூரணம் ஒருநாள் மெல்லக் கேட்டாள்.

"ஏங்க, அந்தாளு உண்டுன்னா பொறுன்னு அர்த்தம்னு வெளையாட்டுல சொல்லுவாருல்ல?"

"ஏட்டி, வாயை மூடு" என்றான் சோணைமுத்து. வயிற்றில் பிள்ளை புரண்டது போல அவள் கையை வயிற்றில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

சில நாளில் பாறை பிளந்து தண்ணீர் வந்தது. உப்புக் கரிக்காத நல்ல தண்ணீர். ராவுத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேஸ்திரி தேங்காய் உடைத்துவிட்டு, "பலி கேட்டுச்சு, வாங்கிட்டுக் குடுத்துருச்சு" என்றார். பலி கேட்காமல் தண்ணீர் கொடுத்த கிணறு எம்புட்டு மாமா என்று பழைய சோணைமுத்து கேட்டிருப்பான். இவன் கேட்கவில்லை. விளையாட்டில் தோற்காமலே தினமும் அவனாகக் குடத்தை எடுத்துக்கொண்டு கண்மாய்க்குப் போக ஆரம்பித்திருந்தான். யாரும் ஏனென்று கேட்கவில்லை.

கங்கம்மா அவனைப் பிடித்தது அங்கேதான். உச்சிவெயில். தலையில் ஒரு மூட்டை, கையில் குருவய்யாவின் உளி. ராஜபாளையத்துக்குத் தன் ஆட்களிடம் போகிறாள் என்று பார்த்ததும் தெரிந்தது.

"முத்தண்ணா" என்றாள், தன் பாஷையும் தமிழும் கலந்து. "ஊரு பேசுறது எனக்கு இப்போதான் வெளங்கிச்சு. ஒங்க தமிழ்ல உண்டுன்னா வேறயாமே."

அவன் குடத்தைக் கீழே வைத்தான்.

"முன்சீப்பு தொராகிட்டப் போனேன். எங்க உண்டு அது இல்ல, பொறுன்னு அர்த்தம், அவரு பொறு பொறுன்னு கத்துனாருன்னேன். 'அப்போ அன்னைக்கு நீ சொன்னது பொய்யா'ன்னு கேட்டாரு. பொய்யில்லை தொரா, உண்டுன்னுதான் சொன்னாருன்னேன். 'அப்போ எழுதுனது சரிதானே, போ'ன்னுட்டாரு." அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "நானும் பொய் சொல்லலை, அவரும் பொய் சொல்லலை. எங்க தோத்தேன்? நீ இந்த வெளையாட்டுல பெரிய ஆளு. நீ சொல்லு."

அவனுக்கு அந்த இடம் பளிச்சென்று தெரிந்தது. கேள்வி பொய்யா மெய்யா என்பதல்ல, என்ன பொருளில் என்பது. குழந்தைக்குக்கூட விளக்கிவிடலாம். கண்மாயில் கொக்கு ஒன்று அசையாமல் நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்குச் சோறு வேணாம், துணி வேணாம்" என்றாள் அவள். "அவரு சாவணும்னு நெனைக்கலை. பெண்டாட்டி சரியில்லைன்னு சாவலை. பொறுன்னு கெஞ்சுனாரு, அம்புட்டுத்தான். நீ வந்து அந்த ஒத்தைச் சொல்லை மட்டும் சொல்லு. ஒனக்குத் தெரியும்."

"பரிபூரணம் நெறமாசமா இருக்கா, கங்கம்மா."

"அப்போ?" என்றாள்.

அவன் எத்தனையோ பேரிடம் சொடுக்கிய சொல் அது. அதற்குப் பின்னால் அடுத்த கண்ணியை அவன்தான் கோக்க வேண்டும் என்று காத்து நின்றாள். வெயில் இருவர் தலையிலும் இறங்கிக்கொண்டிருந்தது. மூட்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"நீவு உண்டு" என்றாள். "நேனு போத்தானு."

நீ இரு, நான் போகிறேன். அவள் பாஷையில் போகிறவர்கள் இருப்பவர்களிடம் தினமும் சொல்கிற சாதாரணச் சொல்தான். அதில் சாபம் இல்லை. கரை ஏறி ராஜபாளையம் பாதையில் போனாள். உளி வெயிலில் ஒருதரம் மின்னியது. சோணைமுத்து இரண்டு பாஷையிலும் அதைக் கேட்டபடி நின்றான்.

பரிபூரணத்துக்கு ஆண்பிள்ளை பிறந்தது. தங்கியது. ராவுத்தர் கிணற்றின் முதல் தண்ணீரைக் குடித்ததால் தங்கியது என்றார்கள். பையன் அழும்போது, "அப்பன் மாதிரி வாயுள்ள பிள்ளை, பிழைச்சுக்கிடுவான்" என்று யாராவது சொன்னால் சோணைமுத்து எழுந்து வெளியே போய்விடுவான்.

அடுத்த கிணற்றில் விளிம்பில் நிற்கமாட்டேன் என்றுவிட்டான். குருவய்யாவின் இடத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. நான் இறங்குகிறேன் என்றான். மேஸ்திரிக்கு மனமில்லை. ஆனாலும் தமர் அடிக்கிற வேலைக்கு வேறு யாரும் முன்வரவில்லை. மேலே நிற்கிற வேலை வேல்சாமிக்குப் போயிற்று. இறங்கும் முன் சோணைமுத்து ஒன்று மட்டும் சொன்னான்.

"நான் 'தூக்கு'ன்னு சொன்னாத்தான் கையை வீசணும். வேற என்ன சத்தம் வந்தாலும் மாடு நகரக்கூடாது."

"ஏன்டே, உண்டுன்னு சொன்னா ஆகாதா?" என்று வேல்சாமி வெள்ளையாகக் கேட்டான்.

"ஆகாது."

"ஏன்?"

"சொன்னதைச் செய்யிடே."

அந்தச் சுற்றுவட்டாரத்தில் கிணறு வெட்டுகிறவர்கள் பிற்பாடு எல்லாரும் 'தூக்கு' என்றே சொல்லத் தொடங்கினார்கள். ஏன் அந்தச் சொல் என்று கேட்டால், அதுதான் முறை, ஆதியிலிருந்து அப்படித்தான் என்பார்கள்.

'இல்லை' விலக்கு மெல்ல மறந்துபோயிற்று. கேள்வி கேட்க ஆள் இல்லாததால் விளையாட்டும் நின்றது. மேட்டில் வெறும் உருளைச் சத்தமும் மாட்டுக்கழுத்து மணியும்தான்.

கீழே, மருந்தைக் கெட்டித்து எல்லாரையும் ஏற்றிவிட்டு, சோணைமுத்து திரியைப் பற்றவைப்பான். பலகையில் உட்கார்ந்து வடத்தை இரண்டு கையாலும் பிடிப்பான். தலைக்கு மேலே வெளிச்சம் ஒரு கிண்ணம் அளவு தெரியும். அதன் ஓரத்தில் வேல்சாமியின் தலை.

"ஏறியாச்சாடே?"

ஒவ்வொரு முறையும் நாக்கு நுனிக்கு முதலில் வருவது அந்தப் பழைய சொல்தான். அதை விழுங்க வேண்டியிருக்கும். விழுங்குவதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். திரி சீறிக்கொண்டு தரையோடு ஓடும். புகை மூக்கில் ஏறும்.

"ஏலே முத்து! ஏறியாச்சாடே? சொல்லுடே!"

"தூக்கு" என்பான்.